வெளுத்த விரிப்புகள்

மார்ச் 4

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

இங்கே நலம். அங்கேயும் நலமாகத்தான் இருப்பீர்கள். வினிகர் வாடை உடம்புக்கு நல்லது என்று யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஆசைப்பட்டு இந்தக் கடிதத்தை எழுதவில்லை. போனமுறை நாம் போனில் பேசிக்கொண்ட லட்சணத்தைக் கேட்டுவிட்டு உங்கள் மனைவி, அதாவது என் மகள், சட்டம் போட்டிருக்கிறாள் அல்லவா? "இனிமே நீங்க ரெண்டு பேரும் வாயால பேசிக்கவே வேணாம்பா. எதுவா இருந்தாலும் எழுதுங்க. எழுதும்போதாவது மூளை கொஞ்சம் வேலை செய்யும்." சட்டத்துக்குக் கட்டுப்பட்டு எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். செவ்வாய்க்கிழமை ஒரு கிழட்டுச் சரக்குக் கப்பல் எங்கள் துறைமுக மேடையில் உரசி வயிற்றைக் கிழித்துக்கொண்டது. உள்ளே இருந்த எரி எண்ணெய் கொட்டிவிட்டது. துறைமுகத்தின் துப்புரவுத் தலைவன் என்ற முறையில் நான் செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டேன். சுற்றிலும் மிதவை வேலி போட்டாயிற்று. பம்ப் வைத்துக் கெட்டியான எண்ணெயை உறிஞ்சியாயிற்று. மிச்சம் இருப்பது மேலே மினுக்கிக்கொண்டு மிதக்கும் மெல்லிய படலம். அது பம்புக்கும் மசியவில்லை, எனக்கும் மசியவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம்தான் பாப்பா வேலை பார்க்கும் குடிநீர் நிலையத்தின் குழாய் கடலுக்குள் இறங்குகிறது. கடல் நீரை எடுத்து உப்பு நீக்கி ஊருக்கே குடிக்கக் கொடுக்கிறார்கள். அந்தத் தண்ணீரைச் சோதிப்பவள் அவள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிடுகிறாள். "அப்பா, அவரோட பஞ்சு விரிப்பைப் போட்டுப் பாருங்கப்பா. தண்ணியை விட்டுட்டு எண்ணெயை மட்டும் குடிக்கும்." ஒரு வாய் சோறு நிம்மதியாக இறங்கவில்லை.

கடலில் கொட்டின எண்ணெயைப் பஞ்சால் துடைப்பது, சின்னப் பிள்ளைகள் சிந்தின மையைச் சட்டையால் துடைக்கிற மாதிரி ஒரு யோசனை. இருந்தாலும் பெண் கேட்கிறாள். உங்கள் தலையணைகளில் கொஞ்சம் அனுப்பி வையுங்கள். உபயோகப்படாவிட்டால் கப்பல்காரர்கள் தூங்கவாவது கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமா


மார்ச் 7

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. உங்கள் கையெழுத்தில் ஓர் எழுத்துகூட இன்னோர் எழுத்தின் மேல் படவில்லை. எழுதி முடித்துத் தாளையும் ஒருமுறை துடைத்திருப்பீர்கள்.

விரிப்புகளை இன்று லாரியில் ஏற்றிவிட்டேன். தலையணை அல்ல, விரிப்பு. நூற்பாலையில் தரையில் கூட்டிப் பெருக்கி எறிகிற கழிவுப் பஞ்சில் செய்தது. உங்கள் மகள் விளக்கிச் சொல்லியிருப்பாள். அவள் பேசுகையில் நீங்கள் ரசத்தைத் தேடிக்கொண்டிருந்திருப்பீர்கள். ஆகையால் நானும் ஒருமுறை சொல்கிறேன்.

சாதாரணப் பஞ்சு தண்ணீரைக் கண்டால் விடாது. அதன் இழை நெடுகத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் கைகள் இருக்கின்றன. நான் செய்வது, வினிகருக்குப் பெரியண்ணன் மாதிரியான ஒரு திரவத்தில் பஞ்சை வேகவைத்து, அந்தக் கைகளுக்கெல்லாம் உறை மாட்டிவிடுவது. அதற்குப் பிறகு அது தண்ணீரைத் தொடாது, எண்ணெயை விடாது. நீரின் மேலேயே மிதக்கும். எண்ணெய் குடித்துக் கறுத்ததும் எடுத்து உருளையில் கொடுத்துப் பிழிந்தால் எண்ணெய் தனியே வந்துவிடும். விரிப்பை மறுபடியும் போடலாம். என் உடம்பில் வருகிறதாக நீங்கள் ஊரெல்லாம் சொல்லும் நாற்றம் இந்த வேலையில் வருவது. அதற்கு மன்னிப்புக் கேட்கும் உத்தேசமில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. விரிப்பின் பக்கத்தில் சோப்பு வரக்கூடாது. சோப்பு, சோப்புத் தூள், நுரைக்கிற எதுவும். சோப்பு தண்ணீரையும் எண்ணெயையும் கைகோக்க வைக்கும் தரகன். இழையில் அது ஒட்டிக்கொண்டால் என் பஞ்சு தண்ணீர் குடிக்க ஆரம்பித்துவிடும். குடித்தால் முழுகும்.

இதை உங்களிடம் போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்றுதான் கவலை. கழுவின டம்ளரை மறுபடி கழுவிவிட்டுத் தண்ணீர் குடிக்கிற மனிதர் நீங்கள்.

அவளைக் கேட்டதாகச் சொல்லுங்கள். இந்த மாதக் கடைசியில் வருவதாகச் சொன்னது கொஞ்சம் தள்ளிப்போகும். புதுக் கொதிகலன் வந்திருக்கிறது.

இப்படிக்கு,
மாப்பிள்ளை


மார்ச் 12

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மூட்டைகள் வந்து சேர்ந்தன. பிரித்ததும் ஊறுகாய்க் கடை திறந்த மாதிரி மேடை முழுக்க வாடை. படகோட்டிகளில் ஒருவன் "சார், இது எங்க வீட்டு மெத்தையைவிட நல்லா இருக்கு" என்று ஒன்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போகப் பார்த்தான். பிடுங்கி வைத்தேன். உங்கள் பொருளுக்கு நான் செய்த முதல் மரியாதை அது.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். விரித்தோம். மிதந்தது. எண்ணெய் குடித்தது. தண்ணீர் அதன் மேல் முத்து முத்தாக உருண்டு ஓடியது. பாப்பா மதிய இடைவேளையில் ஓடி வந்து பார்த்துவிட்டு மேடையிலேயே கைதட்டினாள். "பாத்தீங்களாப்பா? பாத்தீங்களா?" என்று என் தோளை உலுக்கினாள். நாலு பேர் எதிரில் எனக்குக் கூச்சமாகிவிட்டது. அன்றைக்குக் கடலும் அலை இல்லாமல் கிடந்தது, அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். உடனே சட்டைக் காலரைத் தூக்கிவிட வேண்டாம். கழிவுப் பஞ்சு கழிவுப் பஞ்சுதான்.

எனக்கு இருக்கும் குறை வேறு. பிழிந்தாலும் விரிப்பு வெளுக்க மாட்டேன் என்கிறது. தார் பூசின கோணி மாதிரி ஒவ்வொன்றும். நான் முப்பது வருஷமாக இந்தத் துறைமுகத்தைத் துடைத்து வைத்திருக்கிறேன், துடைக்கிற துணி அழுக்காக இருந்து ஒருநாளும் விட்டதில்லை. திங்கட்கிழமை துறைமுகத் தலைவர் நேரில் வந்து பார்க்கிறார். கூடவே பேப்பர்காரர்கள், கேமராக்காரர்கள். என் தண்ணீரின் மேல் இந்தக் கந்தல்கள் மிதந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? எண்ணெயை எடுக்கிறார்களா, கொட்டுகிறார்களா என்றுதான் கேட்பார்கள்.

அதற்கு ஓர் ஏற்பாடு யோசித்து வைத்திருக்கிறேன். சுத்தம் என்றால் என்னவென்று எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

நீங்கள் வருவது தள்ளிப்போகிறது என்று பாப்பாவிடம் சொன்னேன். "ஓ, கொதிகலனா" என்றாள். அப்புறம் கேட்கவில்லை. நீங்கள் அந்தக் கொதிகலனைத் தாலி கட்டி வீட்டுக்குக் கூட்டிவந்திருக்கலாம்.

இப்படிக்கு,
மாமா


மார்ச் 14

மாமா அவர்களுக்கு,

விரைவுத் தபாலில் போடுகிறேன். உங்கள் "ஏற்பாடு" என்ற வார்த்தையைப் படித்ததும் கொதிகலனை அணைத்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

விரிப்பு கறுப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம். வெள்ளையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் தலைவரின் சட்டையைப் பார்த்து ரசித்துக்கொள்ளுங்கள். அவர் வந்து நிற்கப் போவது பத்து நிமிஷம், கேமராவைப் பார்த்துச் சிரிக்கப் போவது ஐந்து நிமிஷம். அதற்காக எதையும் கழுவித் தொலைக்காதீர்கள். பிழியுங்கள், போடுங்கள், பிழியுங்கள், போடுங்கள். படிக்காதவன்கூடச் செய்துவிடுவான். நீங்கள் நிறையப் படித்தவர், அதனால்தான் இத்தனை தூரம் சொல்கிறேன்.

கல்யாணமான புதிதில் உங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து எழுந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? நான் வாசலைத் தாண்டுவதற்குள் அந்த நாற்காலியை ஈரத்துணி கொண்டு துடைத்தீர்கள். செருப்பு மாட்டுகிற சாக்கில் நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். அவளும் பார்த்தாள். இத்தனை வருஷமாக நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. நாற்காலி போகட்டும். விரிப்பை விட்டுவிடுங்கள்.

மாப்பிள்ளை


மார்ச் 19

மாப்பிள்ளைக்கு,

உங்கள் விரைவுத் தபால் ஞாயிற்றுக்கிழமை கைக்கு வந்தது. படித்தேன், சிரித்தேன், மடித்து வைத்தேன். இப்போது சிரிக்கிற நிலைமையில் யாரும் இல்லை. உங்கள் பஞ்சின் யோக்கியதையைக் கேளுங்கள்.

திங்கட்கிழமை காலை எல்லாம் அழகாக இருந்தது. விரிப்புகள் மல்லிகைப்பூ மாதிரி வெள்ளை வெளேர் என்று தண்ணீரின் மேல் வரிசையாகக் கிடந்தன. தலைவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். படம் எடுத்தார்கள். அவர் கார் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ஒவ்வொரு விரிப்பாக எருமை குளத்தில் இறங்குகிற மாதிரி ஓசைப்படாமல் முழுகியது. குடித்த எண்ணெயையும் கூடவே எடுத்துக்கொண்டு போயிற்று. வேலி மேலேதானே தடுக்கும்? அடியில் போவதை எது தடுக்கும்? நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்க் குடிநீர் நிலையத்துக் குழாயின் வாயில் உள்ள கம்பிவலையில் அப்பிவிட்டது.

சாயந்திரம் ஊர்க் குழாய்களில் மண்ணெண்ணெய் வாடை. கண்டுபிடித்தது பாப்பாதான். தண்ணீரை நிறுத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டதும் அவள்தான். ஊரே குடத்தோடு தெருவில் நிற்கிறது. ஆஸ்பத்திரிக்கு லாரியில் தண்ணீர் போகிறது. எங்கள் தெருவில் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள்.

விசாரணைக் குழு போட்டிருக்கிறார்கள். விரிப்பு ஏன் முழுகியது என்பதுதான் கேள்வி. முதல் வாரம் மிதந்தது, இரண்டாவது வாரம் முழுகியது என்றால் சரக்கு சரியில்லை என்றுதானே அர்த்தம்? அழுக்குப் போக லேசாக அலசினோம், அவ்வளவுதான். ஓர் அலசலுக்குத் தாங்காத பொருளைச் செய்து அனுப்பினது யார் தப்பு?

மாமா


மார்ச் 21

மாமா,

எதில் அலசினீர்கள்?

ஒரு பெரிய மனிதர் "லேசாக" என்று எழுதும்போது எனக்கு அந்தத் தொட்டியே கண்ணில் தெரிகிறது. கொதிக்கிற தண்ணீர், அரை மூட்டைச் சோப்புத் தூள், மேலே மலை மலையாக நுரை, பக்கத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நீங்கள். "இன்னும் நல்லா கும்மு" என்று ஆட்களை விரட்டியிருப்பீர்கள்.

நீங்கள் செய்தது என்னவென்று உங்களுக்கே தெரிய வேண்டுமென்றால், ஒரு டம்ளரில் தண்ணீர் எடுங்கள். விரிப்பின் ஒரு துணுக்கைப் போடுங்கள். மிதக்கும். ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். அதைக் குடித்துவிட்டும் மிதக்கும். அதே துணுக்கை உங்களுக்கு உயிரான சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து மறுபடி போடுங்கள். கண் எதிரிலேயே அடிக்குப் போகும். முழு விரிப்பு ஊறக் கொஞ்ச நேரம் பிடிக்கும், அதுதான் வித்தியாசம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் செய்கிற சோதனை. ஒரு ஊருக்கே குடிநீர் இல்லாமல் செய்வதற்கு முன்னால் நீங்கள் இதைச் செய்திருக்கலாம்.

நான்கு வருஷம், மாமா. வெந்து, கருகி, கெட்டு, மறுபடி வேகவைத்து நான்கு வருஷம். தலையில் இழைகளோடு தூங்கி எழுந்திருக்கிறேன். கட்டின பெண்டாட்டி வேறு ஊரில் தகப்பன் வீட்டில் இருக்க, நான் இங்கே ஒரு தகரக் கொட்டகையில் கிடந்தேன். எல்லாம் ஒரு புகைப்படத்தில் உங்கள் தண்ணீர் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக முழுகிவிட்டது.

உங்களுக்கு அழுக்கு ஒரு பிரச்சினையே இல்லை. யாராவது பார்த்துவிடுவார்களோ என்பதுதான் பிரச்சினை. விசாரணையில் போய் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். சொல்ல மாட்டீர்கள், தெரியும்.

மாப்பிள்ளை


மார்ச் 24

மாப்பிள்ளை,

டம்ளரில் போட்டுப் பார்த்தேன். கதவைச் சாத்திக்கொண்டு சமையலறையில் செய்தேன்.

சரி.

இப்போது நான் எழுதுவதைக் கோபப்படாமல் படியுங்கள். தலைவர் வந்த அன்று காலை பாப்பா எனக்குச் சாப்பாட்டுப் பெட்டி கொண்டுவந்தாள். நான் மறந்துவிட்டுப் போயிருந்தேன். மேடையின் பின்பக்கம் தொட்டிகளைப் பார்த்துவிட்டாள். "அப்பா, இது என்ன நுரை?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்லம்மா, தரை கழுவுறாங்க" என்றேன். என் முகத்தையே பார்த்தாள். பெட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அன்று அவளுக்கு வேலை தலைக்கு மேல், நின்று கேட்க நேரமில்லை.

குழு அவளைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறது. முப்பதாம் தேதி. தண்ணீரில் எண்ணெயோடு சோப்பும் இருந்தது என்று அவள் சோதனையில் வந்திருக்கிறது. சோப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். அவள் பொய் சொல்லிப் பழகாதவள். உண்மையைச் சொன்னால் பெற்றவனைக் காட்டிக்கொடுத்தவள் ஆவாள். சொல்லாவிட்டால் ஊருக்குத் தண்ணீர் கொடுக்கிற வேலையில் இருந்துகொண்டு அப்பனுக்காக மறைத்தாள் என்று ஆகும். இரண்டு நாளாக அவள் சாப்பிடவில்லை. தட்டில் சோறு ஆறிக் கிடக்கிறது. எதிரே உட்கார்ந்து நான் மட்டும் சாப்பிட முடியுமா?

ஒரே வழிதான் இருக்கிறது. செய்முறையிலேயே கோளாறு, உறை சரியாக ஏறவில்லை, அதனால் முழுகியது என்று நீங்கள் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டால் விசாரணை அங்கேயே முடிந்துவிடும். தண்ணீரில் இருந்த சோப்பு மேடை கழுவினதில் வந்தது என்று நான் சொல்லிக்கொள்கிறேன். அவளைக் கூப்பிடவே மாட்டார்கள். உங்களுக்கு என்ன போய்விடப் போகிறது? கொட்டகையில் இருக்கிறீர்கள், கொட்டகையில் இருப்பீர்கள். எனக்கு இந்த ஊரில் ஒரு பெயர் இருக்கிறது.

பெயரை விடுங்கள். அதை அடித்துவிட்டுப் படியுங்கள். அவளை எனக்கு எதிராகக் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். அவள் அம்மா போன பிறகு எனக்கு இருப்பது அவள்தான், மாப்பிள்ளை. கெஞ்சிக் கேட்கிறேன். உங்களிடம் போய்க் கெஞ்சுவேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மாமா


மார்ச் 27

மாமா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் கிழித்தேன். பிறகு ஒட்டிப் படித்தேன்.

என்ன தைரியம் உங்களுக்கு! என் வேலையைக் கந்தல் என்றீர்கள், தலையணை என்றீர்கள். அது நன்றாக இருந்த ஒரு வாரமும் அலை இல்லாததால் பிழைத்தது என்றீர்கள். கெடுத்தது நீங்கள். இப்போது கெட்டது என் கையால்தான் என்று நானே எழுதித் தர வேண்டுமாம். கொட்டகைதானே என்கிறீர்கள். ஆமாம், கொட்டகைதான். அதற்குள் பொய்யாக ஒன்றும் இல்லை என்று ஒரு திமிர் இருந்தது எனக்கு.

ஆனாலும் சோறு ஆறிக் கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் சாப்பிடாமல் இருந்தால் எப்படி இருப்பாள் என்று எனக்குத் தெரியும். உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பாள். அந்த முகத்தோடு அவள் அந்தக் குழுவின் முன்னால் போய் நிற்கிறதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

குழுவுக்கு எழுதிவிட்டேன். "செய்முறையில் ஏற்பட்ட பிழைக்கு நானே பொறுப்பு" என்று ஒரே பக்கம். இன்று காலைத் தபாலில் போயிற்று. இனி இந்தப் பஞ்சை எந்தத் துறைமுகமும் தொடாது. நான் இதைச் செய்தது உங்களுக்காக என்று தப்புக்கணக்குப் போட வேண்டாம். உங்கள் மேல் எனக்கு இருப்பது, தரையில் சிந்தின சோப்புத் தண்ணீர் மேல் இருக்கிற மரியாதைதான். வழுக்கி விழாமல் தாண்டிப் போக வேண்டும், அவ்வளவே.

அவளிடம் சொல்ல வேண்டாம். நுரையைப் பார்த்திருந்தாலும், நான் செய்த சரக்கிலும் குறை இருந்தது என்றே அவள் நினைத்துக்கொள்ளட்டும். அவள் எதிர்பார்த்து நான் கொடுக்காமல் விட்டது எவ்வளவோ இருக்கிறது. அதில் இதுவும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டுப் போகட்டும்.

மாப்பிள்ளை


ஏப்ரல் 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இதுவரை போட்ட மாதிரி இதை அவள் தபாலில் போடமாட்டாள். நானே தெருமுனை வரை நடந்துபோய்ப் போட வேண்டும். அதனால் மெதுவாகவே எழுதுகிறேன்.

நாம் போட்ட கணக்கு தப்பிவிட்டது. உங்கள் கடிதம் குழுவுக்குப் போனது, அவர்களும் விசாரணையை முடித்துவிடலாம் என்றுதான் இருந்தார்கள். முப்பதாம் தேதி காலை அவள் யாரும் கூப்பிடாமலே போய் நின்றாள். வெளி பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்தாள், "உள்ள வாங்கப்பா" என்றாள். அவ்வளவுதான். போனேன்.

நீள மேசை. அந்தப் பக்கம் மூன்று பேர். பையிலிருந்து எவர்சில்வர் டம்ளர் ஒன்றை எடுத்து மேசை மேல் வைத்தாள். நம் வீட்டு டம்ளர். தண்ணீர் ஊற்றி, கழுவாத விரிப்பின் துணுக்கு ஒன்றைப் போட்டாள். மிதந்தது. எண்ணெய் ஒரு சொட்டு விட்டாள். குடித்தது. இன்னொரு துணுக்கைச் சோப்பில் முக்கிப் போட்டாள். முழுகியது. மூன்று பேரும் எழுந்து நின்று டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார்கள். "அந்தச் சோப்பு எங்கப்பா போட்டது. நான் நேர்ல பாத்தேன். அன்னைக்கே கேட்டிருக்கணும், கேக்கல. அது என் தப்பு" என்றாள்.

நடுவில் இருந்தவர் உங்கள் கடிதத்தை எடுத்து அவளிடம் நீட்டினார். "உங்க வீட்டுக்காரர் வேற மாதிரி எழுதியிருக்காரேம்மா?" வாங்கிப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள். சிரித்தாள், மாப்பிள்ளை. அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. "இது பொய் சார். கையெழுத்து மட்டும் நிஜம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து பெட்டியை எடுத்து வைத்தாள். நான் வாசற்படியில் நின்றுகொண்டு, "உனக்காகத்தாம்மா செஞ்சோம்" என்றேன். அப்போதுதான் வாயைத் திறந்தாள். சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உங்களுக்கும் பாதி சேர வேண்டியது.

"எனக்காகன்னு சொல்லாதீங்க. ஊரே குடத்தைத் தூக்கிட்டு நிக்குது, உங்களுக்கு உங்க பேரு வெளுக்கணும். அவருக்கு நான் அழாம இருக்கணும், அதுவும் வந்து பாக்காம, தபால்ல. நாலு வருஷமா அந்தப் பஞ்சுக்காக வீட்டுக்கு வராம கெடந்த மனுஷன், அதையே ஒரே பக்கத்துல வித்துட்டார். அது வேணும்னு நான் கேட்டேனா? ஒரு தடவையாவது ரெண்டு பேர்ல ஒருத்தர் என்னைக் கேட்டீங்களா? நீங்க ஒருத்தரை ஒருத்தர் கேவலமா நெனச்சுட்டு இருந்தீங்க. ரெண்டு பேரும் என்னைத்தான் அப்படி நெனச்சிருக்கீங்க, இப்பத்தான் புரியுது."

"எழுதச் சொன்னதே நான்தான். எழுதினா மூளை வேலை செய்யும்னு பாத்தேன். ரெண்டும் சேந்து இதைத்தான் செஞ்சிருக்கு" என்றாள். பெட்டியைத் தூக்கப் போனேன். "தொடாதீங்கப்பா" என்றாள்.

நிலையத்தின் பக்கத்தில் ஊழியர்களுக்கென்று அறைகள் இருக்கின்றன. அங்கே இருக்கிறாள். ஊருக்குத் தண்ணீர் வந்துவிட்டது, வாடை இல்லை. என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். உங்கள் பஞ்சைப் பற்றிக் குழு நல்லவிதமாகவே எழுதியிருக்கிறது என்று கேள்வி. உங்களைப் பற்றி அப்படி எழுதவில்லையாம்.

அவளுக்கு எழுதலாம் என்று உங்களுக்குத் தோன்றும். எழுத வேண்டாம். எழுதி எழுதித்தான் இந்த லட்சணத்தில் வந்து நிற்கிறோம். வருவதானால் நேரில் வாருங்கள். கொதிகலனை யாரும் தூக்கிக்கொண்டு போய்விட மாட்டார்கள். முதலில் அங்கே போய் அவளைப் பாருங்கள், கதவைத் திறந்தால் உங்கள் அதிர்ஷ்டம். திறக்காவிட்டால் இங்கே வந்து உட்காருங்கள். நாற்காலியைத் துடைக்க மாட்டேன்.

உங்கள் மேல் எனக்குப் பிரியம் வந்துவிட்டதாக நினைக்காதீர்கள். வேறு யாரிடம் போய் இதைச் சொல்வேன்? என்னைப் போல இன்னொரு மடையன் எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான்.

இப்படிக்கு,
மாமா

பி.கு: அந்த டம்ளரைச் சாப்பாட்டு மேசை மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். உள்ளே ஒரு துணுக்கு அடியில் கிடக்கிறது, ஒன்று மேலே கறுப்பாக மிதக்கிறது. "இதைக் கழுவாதீங்க, நான் வந்து எடுத்துக்கறேன்" என்றாள். என்றைக்கு என்று சொல்லவில்லை. ஓரமெல்லாம் எண்ணெய் வளையம் கட்டிவிட்டது, கை பரபரக்கிறது. இன்னும் கழுவவில்லை.